சரிவு நிலத்துப் பழமரத்திற்கு நீரும் உரமும் எங்கே இட வேண்டும்?

வெலிமடைச் சரிவில் நிற்கும் ஆனைக்கொய்யா மரத்தின் அடித்தண்டை ஒட்டியே நீரும் உரமும் இடலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் வீணாகும். அடித்தண்டருகே உள்ள தடித்த வேர்கள் மரத்தைத் தாங்கி நிறுத்துபவை. நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் கிளைகளின் நிழல் விழும் இடம் முழுவதும் பரவி, அதன் விளிம்பையும் தாண்டிச் செல்கின்றன. பெரும்பாலான பழமரங்களின் வேர்களில் பெரும்பகுதி மேல் 60 சென்ரிமீற்றர் மண்ணுக்குள்ளேயே இருக்கும். ஆனைக்கொய்யாவின் உறிஞ்சு வேர்களோ இன்னும் மேலே, ஏறத்தாழ 20 சென்ரிமீற்றருக்குள், உதிர்ந்த இலைகளுக்கு அடியிலேயே கிடப்பதால், அங்கே தயவுசெய்து மண்வெட்டி போடாதீர்கள்.

ஆகவே நிழல் விளிம்பை ஒட்டிய அகன்ற வளையத்தில், சரிவின் மேற்புறம் சற்றுக் கூடுதலாக உரத்தைத் தூவி, கீழ்ப்புறத்தில் பிறைவடிவ மண்வரம்பு அமையுங்கள். மேற்புறம் இட்டால், கரைந்த சத்து வேர்கள் பரவிய மண்ணின் ஊடாகவே கீழே இறங்கும். வெலிமடை அமைந்துள்ள ஊவா மாகாணத்தில் ஜூன் முதல் செப்டெம்பர் வரையிலான வறட்சியில், தினமும் சிறிது தெளிப்பதைவிட, சில நாட்களுக்கு ஒருமுறை மெதுவாக, வேர்மண் முழுதும் நனையும்படி ஊற்றுவதே சிறந்தது. மானாப்புல்லை மண்மேல் பரப்பி மூடாக்கு இடுங்கள், ஆனால் அது தண்டைத் தொடக்கூடாது. நீர் தேங்கினால் இந்த மரத்தின் வேர் எளிதில் அழுகிவிடும் என்பதால், ஒக்டோபரில் பெருமழை தொடங்குமுன் வரம்பில் ஒரு வடிகால் வெட்டிவிடுங்கள்.