அம்மாவுக்கு அக்கி: எழுதலாமா, மாத்திரை போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 69 வயது. பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. நான்கு நாள் முன்பு இடது பக்கம் முதுகிலிருந்து மார்பு வரை நெருப்பு வைத்த மாதிரி எரிகிறது என்றார். பயந்துபோய் ஈசிஜி எடுத்தோம், நார்மல். நேற்று அதே இடத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். பெரியம்மா பார்த்துவிட்டு, "இது அக்கி, மண்பானை செய்யும் வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போய் எழுதிட்டு வாங்க" என்கிறார். ஆறு மாதக் கர்ப்பிணியான என் தங்கையும் வீட்டில் இருக்கிறாள். என்ன செய்வது?

பதில்: பெரியம்மா நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். உடம்பின் ஒரே பக்கம், பட்டை மாதிரி ஒரு வரிசை, முதலில் எரிச்சல், சில நாள் கழித்துக் கொப்புளம் என்றால் பெரும்பாலும் அக்கிதான். கொப்புளம் வருமுன் அந்த வலியைப் பார்த்து இதயக் கோளாறு, பித்தப்பைக் கல், டிஸ்க் விலகல் என்று ஓடுவது சகஜம். நீங்கள் ஈசிஜி எடுத்ததில் தப்பே இல்லை.

அம்மாவை இன்னும் மருத்துவரிடம் காட்டவில்லை என்றால் இன்றே காட்டுங்கள். கொப்புளம் தலைகாட்டிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை ஆரம்பித்தால்தான் முழுப் பலன். அந்த நேரம் தாண்டிவிட்டாலும், புதுக் கொப்புளங்கள் வந்துகொண்டிருந்தால் மாத்திரை கொடுப்போம். வழக்கமாக வாலாசைக்ளோவிர் 1000 மில்லிகிராம் தினம் 3 வேளை, அல்லது அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் தினம் 5 வேளை, 7 நாள். சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருக்கலாம், அப்படியானால் அளவைக் குறைக்க வேண்டும். அதனால் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள். அசைக்ளோவிர் களிம்பு இதற்குப் போதாது. வலிக்கு என்று டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம், அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இப்போதைக்குப் பாரசிட்டமால் போதும்.

சிறு வயதில் சின்னம்மை போட்டபோது உள்ளே போன அதே வைரஸ், முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் பல வருடம் சும்மா கிடந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது கிளம்பி வருவதுதான் அக்கி. அந்த ஒரு நரம்பு ஓடும் பாதையில் மட்டும் வருவதால்தான் உடம்பின் மறுபக்கம் தொடுவதில்லை. உடம்புச் சூடு காரணமில்லை, பத்தியமும் தேவையில்லை. இடுப்பைச் சுற்றி வந்து இரண்டு முனையும் சேர்ந்தால் உயிர் போய்விடும் என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். உடம்பு முழுக்கப் பரவினால் மட்டும் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்திருக்கலாம், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும்.

சரி, அக்கி எழுதுவது? காவியைக் குழைத்துச் சிங்கம் வரைந்தால் அக்கி இறங்கும் என்பது நம் ஊர்களில் நெடுநாள் நம்பிக்கை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் கொப்புளம் ஏழு முதல் பத்து நாளில் பொருக்குத் தட்டும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறும். அதனால்தான் எழுதியவருக்குப் பெயர் கிடைக்கிறது. நம்பிக்கையோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் உடைந்த கொப்புளத்தின்மேல் காவி பூசினால் சர்க்கரை உள்ள உடம்பில் சீழ் பிடிக்கலாம். எழுதிவிட்டோமே என்று இரண்டு நாள் காத்திருப்பது அதைவிட நஷ்டம். புண்ணைச் சுத்தமான தண்ணீரில் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, தளர்வான பருத்தித் துணியால் மூடி வையுங்கள்.

தங்கை விஷயம்: அக்கி வந்தவரிடமிருந்து மற்றவருக்கு அக்கியாக ஒட்டாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், இதுவரை அம்மை போடாதவருக்குச் சின்னம்மை வரலாம், கர்ப்பிணிக்கு அது ஆபத்து. தங்கைக்கு ஏற்கெனவே அம்மை போட்டிருந்தால் பயமில்லை. போடவில்லை, அல்லது தெரியவில்லை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை அம்மாவின் துணி, துண்டு, படுக்கையை அவர் தொட வேண்டாம். இதற்குள் தொட்டுப் புழங்கியிருந்தால் அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு மார்பில் வந்திருக்கிறது. இதுவே நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பார்வையே பாதிக்கலாம். காதில் கொப்புளமும் முகம் ஒரு பக்கம் கோணுவதும் சேர்ந்தால் அதுவும் அவசரம். எங்கே வந்திருந்தாலும் கடும் தலைவலி, புத்தி தடுமாற்றம் என்றால் ஆஸ்பத்திரிதான்.

என் பெரிய கவலை புண் ஆறிய பிறகு வருவது. தோல் தேறியும் மூன்று மாதம் கடந்து எரிச்சல் நீடிப்பவர்கள் உண்டு. வயது கூடக் கூட இதற்கு வாய்ப்பு அதிகம். புடவை உரசினாலே துடித்துப்போவார்கள். "ஆறிடுச்சே, இன்னும் என்ன வலி?" என்று வீட்டில் யாரும் கேட்டுவிடாதீர்கள். அது நரம்பு வலி, நிஜம். சாதாரண வலி மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைக் குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுவோம். இவற்றால் தூக்கமும் தலைசுற்றலும் வரும், எனவே ராத்திரி பாத்ரூம் போகும்போது யாராவது துணைக்குப் போங்கள்.

மறுபடி வராமல் தடுக்க ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. 50 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு ஊசி, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில். விலை அதிகம்தான். அம்மாவுக்கு இப்போது வந்திருக்கும் அக்கியை அது குணப்படுத்தாது. முழுக்கத் தேறியபின் அவருடைய மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.