பந்து எறியும் மகனும் பட்டப்படிப்பும்

அன்புள்ள அம்மா,

அமெரிக்காவில் பள்ளியின் இறுதி ஆண்டில் இருக்கும் உங்கள் மகன், பேஸ்பால் அணியின் பிட்சராக, அதாவது எதிரணி மட்டையாளருக்குப் பந்து எறிபவராக, பெயரெடுத்துவிட்டதால் கல்லூரியே வேண்டாம் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுடைய ஆசைக்கு நான் குறுக்கே நிற்கப்போவதில்லை. ஆயினும் தொழில்முறை பேஸ்பாலின் தொடக்க காலத்தவரான ஜான் மான்ட்கோமரி வார்டின் வாழ்க்கையை அவன் அறிந்துகொள்வது நல்லது.

1860 இல் பென்சில்வேனியாவில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த வார்டு, 18 வயதில் பிராவிடன்ஸ் அணிக்காகப் பந்து எறியத் தொடங்கினார். ஓர் அணிக்கு ஓரிரு பிட்சர்களே இருந்த காலம் அது என்பதால், 1879 இல் மட்டும் 580-க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது வரும் சுற்றுகள்) எறிந்து 47 வெற்றிகளை ஈட்டினார். மறு ஆண்டு ஜூன் 17 அன்று, பஃபலோ அணியில் ஒருவரைக்கூட, மட்டையாளர் முதலில் ஓடிச் சேர வேண்டிய முதல் தளத்தை எட்டவிடாமல் ஓர் ஆட்டத்தை முழுமையாக முடித்தார். இத்தனை திறமையும் 24 வயதோடு நின்றுபோனது. 1884 இல் வலக்கை காயப்பட்ட பின் அவர் பிட்சராக ஆடவே இல்லை.

ஆனால் அவர் களத்தை விட்டுப் போகவில்லை. கை ஆறும்வரை இடக்கையால் எறியப் பழகி வெளிக்களத்தில் நின்றார்; பிறகு ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நின்று பந்து தடுப்பவராக) மாறி 1894 வரை ஆடினார். இதற்கிடையே, ஆடிக்கொண்டே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1885 இல் பட்டமும் பெற்றார். ஆட்டக்காரரை ஒரே முதலாளியிடம் கட்டிப்போட்ட ஒப்பந்த விதியை எதிர்க்க, அவ்வாண்டே உருவான வீரர் சங்கத்துக்கு அவர் தலைமை தாங்க முடிந்ததற்கு அந்தப் படிப்பும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஓய்வுக்குப் பின் வழக்கறிஞராகவே வாழ்ந்தார்.

உங்கள் மகனுக்கு என் பரிந்துரை நான்காண்டுக் கல்லூரிதான். அங்கே சேர்ந்தவரைப் பொதுவாக மூன்றாம் ஆண்டு முடியும்வரையோ 21 வயதாகும்வரையோ தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்க இயலாது. உடல் முதிரவும் படிப்பு பெரும்பகுதி முடியவும் அந்தக் காலம் உதவும். 17, 18 வயதினர் ஒரு நாளில் 105 பந்துகளுக்கு மேல் எறியலாகாது என்பது இன்றைய வழிகாட்டுதல். பள்ளி அணியோடு வேறு அணிகளுக்கும் அவன் ஆடினால், மொத்தக் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை பள்ளி முடிந்தவுடனேயே ஓர் அணி அழைத்தால், பின்னாளில் கல்லூரிச் செலவை ஏற்கும் உறுதியை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்டு, அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடச் செய்யுங்கள்.