தூண்டிலும் தூரிகையும்: முதல் நாள் உறைகள் பற்றிச் சில கேள்விகள்

கையால் வரைந்தது என்று சொல்லி ஒருத்தர் அமெரிக்க மீன்பிடி உறை ஒன்றை விலை பேசுகிறார். நிஜமாகவே கையால் வரைந்ததுதானா என்று எப்படிங்க பார்ப்பது? (பொள்ளாச்சி வாசகர்)

முதல் நாள் உறை என்றால், புதுத் தபால்தலை வெளியாகும் நாளன்றே அதை ஒட்டி அஞ்சல் முத்திரை குத்திய கவர்; அதில் படமும் போடுவார்கள். அதைச் சோதிக்கப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அச்சு என்றால் பெரும்பாலும் நிறம் புள்ளிப் புள்ளியாக உடைந்து தெரியும். நீர்வண்ணத்தில் புள்ளி இருக்காது; ஒவ்வொரு பூச்சின் ஓரத்திலும் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகத் தேங்கி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு: கோட்டுப் படத்தை அச்சடித்துவிட்டு நிறத்தை மட்டும் கையால் தீட்டியது. அதுவும் நல்ல பொருள்தான். ஆனால் முழு ஓவியத்துக்கான விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்து முத்திரையைப் பாருங்கள். முத்திரை மையின் மேல் வண்ணம் ஏறியிருந்தால், படம் முத்திரைக்குப் பிறகு வந்தது. அதை வைத்து மட்டும் போலி என்று சொல்ல முடியாது. முத்திரை குத்திய உறையை வாங்கி அதன் மேல் வரையும் ஓவியர்கள் நிறையப் பேர். ஆனால் படமில்லாத பழைய உறையில் பல வருடம் கழித்து வரைந்திருந்தால், விற்பவர் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். வரைந்த வருடத்தைக் கேளுங்கள், ஓவியரின் கையெழுத்தைத் தேடுங்கள்.

ஊரும் தேதியும் பொருந்த வேண்டும். அமெரிக்கா 1991 மே 31 அன்று தூண்டில் ஈக்களை வைத்து ஐந்து தபால்தலைகள் வெளியிட்டது, ஒவ்வொன்றும் 29 சென்ட். அதிகாரப்பூர்வ முதல் நாள் முத்திரையில் நியூயார்க் மாநிலத்தின் கடபேக்வில் என்ற ஊர் இருக்கும். தூண்டில் ஈ என்பது முள்ளில் இறகும் மயிரும் நூலும் கட்டிப் பூச்சி போலச் செய்வது. அந்த ஐந்தில் ராயல் வுல்ஃப் என்பதன் உடலில் மயில்தோகை இழை சுற்றி, நடுவில் சிவப்புப் பட்டு நூல் கட்டியிருப்பார்கள். மேலே வெள்ளை இறக்கை. தேர்ந்த ஓவியர் அந்தத் தோகையின் பிசிரைக்கூடத் தனித்தனியாக இழுத்திருப்பார். வெறும் பச்சைத் திட்டாக இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

என்னிடம் மீன் படம் போட்ட உறைகள் நிறைய இருக்குங்க. மீன்பிடித் தொகுப்பில் சேர்க்கலாமா? (ஈரோடு வாசகர்)

எல்லாவற்றையும் சேர்க்க வேண்டாம். மீன் வேறு, மீன்பிடி வேறு. தூண்டில், வலை, படகு, பிடிக்கிற ஆள் இவற்றில் ஒன்றாவது தபால்தலையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ஓவியத்தில் மட்டும் இருந்தால் துணைப் பக்கத்தில் வையுங்கள்.

வால்பாறை ஈரத்தில் உறைகள் கெடாமல் எப்படி வைப்பது?

உறையைப் போட்டு வைக்கப் பிவிசி பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம். நாளாக ஆகப் பிசுபிசுத்து வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் கவர் வாங்குங்கள். மூடி இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, உறைகளை நெருக்காமல் நிமிர்த்தி வையுங்கள். மழை விட்ட நாளில் திறந்து பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். லேமினேஷன் செய்தால் உறை போயிற்று. வெயில் படும் சுவரில் சட்டம் போட்டு மாட்டுவதும் அப்படித்தான், நீர்வண்ணம் வெளுத்துவிடும்.

அண்ணா, பையன் நல்லா வரைவான். பவானிசாகர் பரிசல்காரர்களை வரைந்து நாங்களே உறை செய்யலாமா? (கோபிசெட்டிபாளையம் வாசகி)

தாராளமாகச் செய்யுங்கள் அம்மா, எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை இது. அமெரிக்க உறையைப் பார்த்து வரைவதைவிட, பரிசலில் உட்கார்ந்து வலையை இழுப்பவரின் தோளும் கையும் எப்படித் திரும்புகிறது என்று நேரில் பார்த்து வரையட்டும். மீனோ ஆறோ அணையோ, படத்துக்குப் பொருந்துகிற தபால்தலை வெளிவரும் வரை காத்திருங்கள். சாதாரணக் கவர் ஈரத்தில் சுருண்டுவிடும். கொஞ்சம் தடிமனான தாளில் செய்த கவர் எடுங்கள். வலது மேல் மூலையைத் தபால்தலைக்கும் முத்திரைக்கும் விட்டுவிட்டு வரையச் சொல்லுங்கள். வண்ணம் முழுக்கக் காய வேண்டும், இல்லாவிட்டால் முத்திரை மை அதில் இழுக்கும். வெளியீட்டு நாளன்றே கோவை தலைமை அஞ்சலகத்தின் தபால்தலைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். உள்ளே ஒரு அட்டையைச் செருகிக் கொடுத்தால் முத்திரை பிசகாமல் விழும். ஒன்றுக்கு இரண்டாக வரைந்து எடுத்துப்போங்கள், ஒன்றில் முத்திரை மங்கினால் மற்றது இருக்கும்.