போட்டாக்ஸ் ஊசி போட்டபின் பயிற்சியை நிறுத்தலாமா?

பெருமூளை வாதமுள்ள (மூளைப் பாதிப்பால் உடலசைவு சிரமமாகும் நிலை) உங்கள் நான்கு வயது மகனின் கெண்டைக்கால் இறுக்கத்துக்குப் போட்டாக்ஸ் ஊசி பரிந்துரைக்கப்பட்டிருப்பதாகவும், அதைப் போட்டபின் தினசரிப் பயிற்சி தேவையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேவை, ஊசி போட்டபின்தான் கூடுதலாகத் தேவை. நான் மருத்துவரில்லை, கடலூரில் அதே நிலையிலுள்ள ஒரு பெண் குழந்தையின் தாய். "உனக்கென்ன தகுதி" என்று கேட்க வருபவர்களுக்கு இது முன்கூட்டிய பதில்.

நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைச் சிறிது காலம் தடுப்பது மட்டுமே அந்த ஊசியின் வேலை. மூளையில் ஏற்பட்ட பாதிப்பை அது தொடுவதில்லை. சில நாட்களில் தசை இளகத் தொடங்கும், ஏறக்குறைய மூன்று மாதங்களில் பலன் தேயும். அதற்குள், தசை இளகியிருக்கும்போதே அதை நீட்டிப் பழக்கத்தான் பயிற்சி. ஏற்கெனவே நீளம் குறைந்து நிலைத்துவிட்ட தசையை ஊசி மட்டும் நீட்டாது. அதற்கு மாவுக்கட்டோ சில வேளைகளில் அறுவை சிகிச்சையோ வேண்டியிருக்கும்.

புதுச்சேரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்தபின், நுனிக்காலிலேயே நடந்த என் மகளின் குதிகால் தரையில் பதிந்தபோது, "அதுதான் சரியாகிவிட்டதே, இனியும் ஏன் பிள்ளையை அழ வைக்கிறாய்" என்றார் என் மாமியார். அவரைக் குறை சொல்லமாட்டேன். பேத்தியின் அழுகையை அன்றாடம் கேட்டவர் அவர். ஆனால் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்தபடி, வெந்நீரில் குளிப்பாட்டியபின் முழங்காலை நீட்டிவைத்து, குதிகாலை உள்ளங்கையில் பற்றி, பாதத்தை மெதுவாக மேல்நோக்கி மடக்கிப் பிடிப்பதை நான் விடவில்லை. வெடுக்கென்று இழுத்தால் தசை இன்னும் முறுக்கிக்கொள்ளும். பாதத்தின் முன்பகுதியை மட்டும் அழுத்தினால் நடுப்பாதம் வளையுமே தவிர, கெண்டைத்தசை நீளாது.

பாதத்தையும் கணுக்காலையும் சரியான நிலையில் பிடித்துவைக்கும் ஸ்பிளின்ட் விஷயத்தில் எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு. இலவச முகாம் ஒன்றில், அளவெடுக்காமலேயே ஒன்றைக் கையில் கொடுத்து, எங்களை மேடையேற்றிப் புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள். அது கணுக்காலை உரசிப் புண்ணாக்கியபோது கேட்க ஆளில்லை. உங்கள் மகனுக்கு அளவெடுத்தே செய்யச் சொல்லுங்கள். கால் வளர வளர மாற்றவும் வேண்டும்.

தசை இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபென் மருந்தும் கொடுத்து வந்தால், மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தாதீர்கள், வலிப்பு வரக்கூடும். அடுத்த முறை செல்லும்போது, இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுக்க வேண்டும் என்றும் கேளுங்கள். இறுக்கத்தால் தொடை எலும்பு மூட்டிலிருந்து மெல்ல விலகுவது, குறிப்பாக நடக்க இயலாத குழந்தைகளிடம், வலி தெரியாமலேயே தொடங்கிவிடும்.