வான்கோழி வேட்டையில் காற்றின் திசை முக்கியமா? மான் வேட்டை போல எதிர்காற்றில்தான் உட்கார வேண்டுமா?

முக்கியம்தான். ஆனால் மான் வேட்டையில் காற்றைப் பார்க்கிற காரணம் இங்கே பொருந்தாது. மானுக்கு மூக்கு கூர்மை. வான்கோழிக்கு மோப்பசக்தி மிகக் குறைவு, கண்ணும் காதும்தான் அதன் காவல். அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டை என்பது, பெட்டையின் குரலில் அழைத்து ஆண் பறவையான சேவலைக் கிட்டே வரவைப்பது. அதனால் அதற்குப் போகிறவர் காற்றைப் பார்க்க வேண்டியது மனித வாடைக்காக அல்ல, சத்தத்துக்காக.

காற்று சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று சொல்வது வழக்கம். கணக்குப் பார்த்தால் அது சரியாக வராது. சத்தத்தின் வேகம் மணிக்குச் சுமார் 760 மைல், 15 மைல் காற்று அதில் 2 சதவீதம்தான். நடப்பது வேறு. தரையில் உரசுவதால் காற்று கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் அடிக்கிறது. இந்த வித்தியாசத்தால், காற்றோடு போகும் சத்தம் தரையை நோக்கி வளைந்து இறங்கும். காற்றை எதிர்த்துப் போகும் சத்தம் மேல்நோக்கி வளைந்து, தரையில் நிற்கிற பறவையின் தலைக்கு மேலே போய்விடும். பலத்த காற்றில் சில சமயம் நூறு, இருநூறு கஜத்துக்குள்ளேயே இப்படி ஒரு 'நிழல்' விழுந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, விளைவு இரண்டு பக்கமும் ஒன்றல்ல என்பது. சேவல் காற்று போகும் பக்கத்தில் இருந்தால், உங்கள் அழைப்பு அதற்கு நன்றாகக் கேட்கும், அதன் பதில் கூவல் உங்களுக்குக் கேட்காது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். பதில் இல்லை என்று பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். சேவலோ அதற்குள் பாதி தூரம் நடந்து வந்திருக்கும், எழுந்த அசைவைப் பார்த்ததும் ஓடிவிடும். இந்த நிலையில் காதை நம்பாமல் கண்ணை நம்பி, குறைந்தது முக்கால் மணி நேரம் அசையாமல் உட்காருங்கள்.

சேவல் காற்று வரும் பக்கத்தில் இருந்தால் தலைகீழ். அதன் கூவல் பக்கத்தில் இருப்பதுபோலத் தெளிவாகக் கேட்கும், உங்கள் அழைப்பு அதற்குப் போய்ச் சேராது. அது திரும்பத் திரும்பக் கூவுவதை உங்களுக்கான பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தூரமும் ஏமாற்றும்: காற்று வரும் பக்கத்துச் சேவல் இருப்பதைவிடக் கிட்டேயும், காற்று போகும் பக்கத்துச் சேவல் இருப்பதைவிடத் தூரத்திலும் இருப்பதாகத் தோன்றும்.

ஆகவே நல்ல இடம், காற்று உங்கள் இருவருக்கும் குறுக்கே அடிக்கிற இடம். இரண்டு பக்கச் சத்தமும் ஓரளவு சமமாகப் போய் வரும். எதிர்காற்றில் கூவல் கேட்டால், நேராகப் போகாமல் மேட்டின் மறைவில் பக்கவாட்டில் சுற்றி, காற்று குறுக்கே வரும்படி உட்காருங்கள். அந்த வசதி இல்லையென்றால், சேவலுக்குக் காற்று வரும் பக்கம் போய்விடுவது மேல். அது கூவுவது உங்களுக்குக் கேட்பதைவிட, நீங்கள் அழைப்பது அதற்குக் கேட்பதுதான் அவசியம்.

விடியற்காலைக் கணக்கு தனி. காற்று அடங்கியிருக்கும். தரையோரக் காற்று குளிர்ந்தும் மேலே சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது சத்தம் எல்லாத் திசையிலும் கீழ்நோக்கி வளையும். சேவலும் அடைந்த மரத்தின் உயரத்தில் இருக்கும், நிழலுக்குள் சிக்காது. அது தரையில் இறங்கியதும் கூவல் சட்டென்று மங்கினால், விலகிப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இறங்கியதாலேயே சத்தம் குறைந்திருக்கலாம். ஏப்ரலில் மொட்டையாக நின்ற காடு மே மாதத்தில் இலை விட்டுவிட்டால் இந்தக் குழப்பம் இன்னும் கூடும்.

காற்றின் வேகத்தை மரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இலையும் சிறு குச்சியும் விடாமல் ஆடினால் 8 முதல் 12 மைல், வழக்கமான அழைப்பு போதும். சிறு கிளைகள் ஆடிப் புழுதி கிளம்பினால் 13 முதல் 18 மைல். இங்கே மென்மையாக ஒலிக்கும் ஸ்லேட் அழைப்பானை (குச்சியால் தேய்த்துக் குரல் எழுப்பும் கல்வில்லை) வைத்துவிட்டு, மரப்பெட்டி அழைப்பானையோ கண்ணாடி, அலுமினியப் பரப்பு உள்ளதையோ எடுங்கள். இலைச் சலசலப்பைத் தாண்டிக் கேட்பது உரத்த, கூர்மையான சத்தம்தான். வீச்சின் நடுவே அழைத்து வீணாக்காமல், காற்று ஓய்கிற சில வினாடிகளுக்குக் காத்திருந்து அழையுங்கள், உடனே காது கொடுங்கள். நடந்து நடந்து அழைக்கும்போதும் நிற்கிற இடங்களை நெருக்கிக்கொள்ளுங்கள், இருநூறு கஜத்துக்கு ஒருமுறை நின்றாலும் தவறில்லை. சிறு மரங்களே ஆடினால் 19 மைலுக்கு மேல். அப்போது அழைப்பைவிட இடம்தான் வேலை செய்யும்.

ஏனென்றால் பலத்த காற்றில் வான்கோழிக்கும் காது பயன்படாது. எல்லாம் அசைவதால் காட்டுக்குள் எது கொயோட் (ஓநாய் இனத்துச் சிறு விலங்கு), எது கிளை என்று தெரியாது. அதனால் கண்ணுக்கு எட்டும் வெட்டவெளிக்கோ, மலைச்சரிவில் காற்று படாத பக்கத்துக்கோ, பள்ளத்துக்கோ வந்துவிடும். கன்சாஸ், நெப்ராஸ்கா மாநிலச் சமவெளிகளில் இப்படிப்பட்ட நாள்கள் சகஜம். அங்கே வயலோரத்தில் பொம்மை வான்கோழி வைத்துக் காத்திருப்பதே புத்திசாலித்தனம். இது கண்ணை இழுக்கிற வேலை. பொம்மையை 20 கஜத்துக்குள் வையுங்கள். லேசான நுரைப் பொம்மை காற்றில் பம்பரமாகச் சுற்றும், அதைப் பார்த்த பறவை கிட்டே வராது. வால் பக்கம் இரண்டு புறமும் நான்கு அங்குலம் விட்டுக் குச்சி ஊன்றினால், லேசாக ஆடும், சுற்றாது.

வாடையை முழுதாக மறந்துவிடவும் கூடாது. காற்று போகும் பக்கத்தில் மான் இருந்து உங்கள் வாடையைப் பிடித்துச் சீறினால், அக்கம்பக்கத்து வான்கோழிகளும் உஷாராகிவிடும். கொயோட்டும் பெட்டையின் குரலுக்கு வரும், பெரும்பாலும் சுற்றி வளைத்து காற்று போகும் பக்கமாகவே வரும்.

காற்று நாளில் பாதுகாப்பைக் கூடுதலாகப் பாருங்கள். இன்னொரு வேட்டைக்காரரின் காலடி கேட்காது, உங்கள் அழைப்பை அவர் நிஜப் பெட்டை என்று நினைத்து நெருங்கலாம். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சேவல் தலையில் இருக்கிற சிவப்பு, வெள்ளை, நீல நிறங்கள் உடையில் எங்குமே தெரியக்கூடாது. ஆள் தென்பட்டால் கை அசைக்காமல், வாய்விட்டு உரக்கக் கூப்பிடுங்கள். கூவல் கேட்ட திசையில் நீங்களும் பதுங்கிப் போகாதீர்கள், காற்றில் அது பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதராகவும் இருக்கலாம்.