உடல் ஸ்கேனர் எதைப் பார்க்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் இருக்கும்போது இந்த உடல் ஸ்கேனர், அதாவது மில்லிமீட்டர் அலை ஸ்கேனர் எதற்கு?

மெட்டல் டிடெக்டருக்கு உலோகம் மட்டும்தான் தெரியும். பீங்கான் கத்தி, பிளாஸ்டிக் வெடிமருந்து எல்லாம் சத்தமில்லாமல் தாண்டிவிடும். 2009 கிறிஸ்துமஸ் அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் ஒருவர் உள்ளாடைக்குள் வெடிமருந்தோடு ஏறியிருந்தார். இந்த ஸ்கேனர்கள் வேகமாகப் பரவியது அதற்குப் பிறகுதான்.

துணியை ஊடுருவும் அலை உடம்பையும் ஊடுருவுமா?

ஊடுருவாது. அதனால்தான் இந்த முறையே வேலை செய்கிறது. மில்லிமீட்டர் அலைகளின் நீளம் 1 முதல் 10 மி.மீ. வரை. உலர்ந்த துணி அவற்றுக்குக் கிட்டத்தட்ட ஜன்னல் கண்ணாடி மாதிரி, தாண்டிப் போய்விடும். தோலில் தண்ணீர் அதிகம் என்பதால் அலையில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிவிடும், மீதியும் மேல்தோலை ஒட்டியே அடங்கிவிடும். உலோகம் தோலைவிட அதிகமாகத் திருப்பி அனுப்பும். பிளாஸ்டிக்கும் பீங்கானும் வேறு விதமாக. கைகளைத் தூக்கி நிற்கும்போது ஆன்டெனா வரிசை கொண்ட இரண்டு தூண்கள் உங்களைச் சுற்றி வருகின்றன அல்லவா? திரும்பி வரும் அலைகளை அவை வாங்க, கணினி அதை முப்பரிமாண வடிவமாக்குகிறது. உடம்புக்கு உள்ளே இருப்பது இதில் தெரியாது.

கர்ப்பிணிகள் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். இது எக்ஸ்ரே இல்லை. எக்ஸ்ரே ஆபத்தாவது, அது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவதால்தான். அதற்கு வேண்டிய ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இந்த அலைக்குக் கிடையாது. முன்பு எக்ஸ்ரே வகை ஸ்கேனர்களும் இருந்தன, குழப்பம் அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்க விமான நிலையங்கள் அவற்றை 2013-இல் அகற்றிவிட்டன.

என் உடம்பின் படத்தை அதிகாரி பார்க்கிறாரா?

ஆரம்பத்தில் பார்த்தார்கள், அதற்கு எழுந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. இப்போது பல இடங்களில் மென்பொருளே படத்தை அலசி, எல்லோருக்கும் பொதுவான ஒரு மனித உருவத்தில் சந்தேகமான இடத்தை மட்டும் கட்டம் போட்டுக் காட்டுகிறது.

என்னிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் அலாரம் அடித்தது. ஏன்?

வியர்வையாக இருக்கலாம், துணி மடிப்பாக இருக்கலாம், தடித்த தையலாகவும் இருக்கலாம். ‘இந்த இடம் தோல் போல இல்லை’ என்பதுதான் இயந்திரம் சொல்வது. அங்கே இருப்பது ஆயுதமா, கைக்குட்டையா என்பது அதற்குத் தெரியாது. அலாரம் அடித்ததற்காக ஒருவரைக் குற்றவாளி போல நடத்துவதை என்னால் ஏற்க முடியாது. கட்டம் விழுந்த இடத்தைச் சோதித்தார்களா, சரி, அப்புறம் அனுப்பிவிட வேண்டியதுதான். நீங்களும் உள்ளே போகுமுன் சட்டைப் பை, பேன்ட் பை எல்லாவற்றையும் முழுக்கக் காலி செய்யுங்கள். காகிதமும் கைக்குட்டையும்கூட வெளியே வரட்டும்.