ஸ்கேன் செய்த சர்க்யூட் போர்டு படத்தில் உள்ள வெள்ளை எழுத்துகளை, டிராக் கெடாமல் நீக்குவது எப்படி?

நீங்கள் சொன்ன நிலைமை இதுதான்: இரண்டு பக்கமும் டிராக் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடு) உள்ள பழைய பச்சை போர்டு, பாகங்கள் எல்லாம் கழற்றியாயிற்று, ஸ்கேனைப் பார்த்து சர்க்யூட் வரைய வேண்டும். பாகங்களின் எண்களும் கட்டங்களும் டிராக் மேலேயே ஓடுவதால் எது காப்பர், எது எழுத்து என்று தெரியவில்லை.

முதலில் ஒன்று. உங்களிடம் இருப்பது ஸ்கேன் இல்லை, கெர்பர் கோப்பிலிருந்து (போர்டு தயாரிக்க அனுப்பும் வடிவமைப்புக் கோப்பு) எடுத்த படம் என்றால் இந்த வேலையே வேண்டாம். வியூவரில் சில்க்ஸ்கிரீன் லேயரை, அதாவது அந்த எழுத்து அச்சை, அணைத்துவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்தால் போதும்.

ஸ்கேன்தான் என்றால், போனில் இருக்கும் 'மாய அழிப்பான்' வகையறா பக்கம் போகாதீர்கள். ஜிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளின் ரீசிந்தசைசர் பிளகினும் இந்த வேலைக்கு ஆகாது. அவை படத்தின் வேறு இடத்திலிருந்து துண்டெடுத்தோ கற்பனையாகவோ ஓட்டையை நிரப்பும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் போர்டில் இல்லாத டிராக் ஒன்று படத்தில் முளைத்திருக்கும். இங்கே வேண்டியது அழகு இல்லை, எது எதோடு சேர்கிறது என்ற உண்மை.

பாதி வேலை ஸ்கேன் எடுக்கும்போதே முடிந்துவிடும். 1200 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 1200 புள்ளி) வையுங்கள். சில்க்ஸ்கிரீன் கோடு பெரும்பாலும் 0.15 முதல் 0.2 மி.மீ. தடிமன், 600-இல் அது நாலைந்து பிக்சல்தான், 1200-இல் ஏழு முதல் ஒன்பது கிடைக்கும். ஸ்கேனரின் ஷார்ப்பனிங், ஆட்டோ கலர் இரண்டையும் அணையுங்கள். ஷார்ப்பனிங் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் ஒரு கறுப்பு விளிம்பு போடும், அது பிறகு டிராக் இடைவெளி மாதிரியே தெரியும். பி.என்.ஜி. அல்லது டிஃப் ஆகச் சேமியுங்கள். ஜேபெக் நிறத்தைப் பக்கத்துப் பிக்சல்களில் இழுகிவிடும். அளவு சரியா என்று பார்க்க 14 பின் ஐ.சி. ஒன்றின் முதல் பின்னிலிருந்து ஏழாவது வரை அளந்து பாருங்கள்: 15.24 மி.மீ., அதாவது 720 பிக்சல் வர வேண்டும்.

இனி எழுத்தைப் பிரிப்பது. வெள்ளை மையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சத்தில் இருக்கும். பச்சை மாஸ்க்கில் (செம்பை மூடும் பூச்சில்) சிவப்பு மிகக் குறைவு. ஆகவே சிவப்பு சேனலை மட்டும் எடுத்துப் பார்த்தால் போர்டு இருண்டு, எழுத்து பளிச்சென்று நிற்கும். ஜிம்பில் கலர்ஸ், காம்பொனென்ட்ஸ், டீகம்போஸ் என்று போனால் மூன்று சேனலும் தனித்தனி லேயராக வரும். டிராக்கைத் தேடுவதற்குப் பச்சை சேனல் நல்லது. எழுத்தைப் பிடிக்க அது உதவாது.

சிக்கல் என்னவென்றால், ஈயம் பூசிய பேடும் (பாகத்தின் காலைப் பற்றவைக்கும் இடம்) சிவப்பு சேனலில் வெளுத்துத்தான் தெரியும். நேராக த்ரெஷோல்டு போட்டால், அதாவது ஓர் அளவுக்கு மேல் வெளுத்ததை மட்டும் பிரித்தெடுத்தால், பேடுகளும் எழுத்தோடு சேர்ந்து போய்விடும். இதற்கு டாப்ஹாட் என்ற வழி இருக்கிறது. எழுத்துக் கோடு ஒல்லி, பேடு அகலம். 11 பிக்சல் கட்டத்தால் ஓப்பனிங் செய்தால் (வெள்ளையை முதலில் சுருக்கி, பிறகு அதே அளவு விரிப்பது) அதைவிட ஒல்லியான வெள்ளை எல்லாம் மறைந்துவிடும், பேடு தங்கும். மூல சேனலிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது எழுத்து மட்டும். ஓப்பன்சிவி என்ற பட நிரல் நூலகத்தில் இது ஒரே கட்டளை. ஜிம்பில் என்றால் சிவப்பு லேயரை நகலெடுத்து ஈரோட் (சுருக்கல்) ஐந்து முறை, பிறகு டைலேட் (விரித்தல்) ஐந்து முறை, அப்புறம் லேயர் மோடை டிஃபரன்ஸுக்கு மாற்றுங்கள். எழுத்து மறையாமல் தடித்தால் வரிசை தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். அடுத்து 50, 60 வாக்கில் த்ரெஷோல்டு; சரியான எண் ஸ்கேனருக்கு ஸ்கேனர் மாறும்.

இதிலும் தப்பும் தவறும் வரும். மாஸ்க் மூடாத வயாக்களின் (இரண்டு பக்க டிராக்கையும் இணைக்கும் துளைகள்) மெல்லிய வளையத்தையும் டாப்ஹாட் எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். அவற்றைத் தேர்விலிருந்து கையால் நீக்குங்கள். கெப்பாசிட்டரின் மைனஸ் பக்கத்தைக் காட்ட நிரப்பிய அரைவட்டம் போன்ற அகலமான வெள்ளையை அது விட்டுவிடும். அதையும் கையால்தான் சேர்க்க வேண்டும்.

தேர்வை 2 பிக்சல் விரியுங்கள். விரிக்காவிட்டால் எழுத்தின் விளிம்பில் பாதி வெளுத்த பிக்சல்கள் மிஞ்சி, நிரப்பும்போது அந்த வெளுப்பே உள்ளே பரவும். அதிகம் விரித்தாலும் ஆபத்து: 0.2 மி.மீ. இடைவெளி 1200-இல் ஒன்பது பிக்சல்தான், ஐந்தைந்து விரித்தால் இடைவெளி முழுக்க விழுங்கப்படும். நிரப்ப ஓப்பன்சிவியின் இன்பெயின்ட், டெலியா முறை, ஆரம் 3. அது ஓரத்து நிறத்தை உள்ளே இழுத்துவிடும், அவ்வளவுதான். புதிதாக எதையும் கண்டுபிடிக்காது. ஜிம்பிலேயே முடிக்க வேண்டுமென்றால் கடினமான பிரஷ்ஷோடு குளோன் கருவி. மாதிரியை அதே டிராக்கின் வேறு இடத்திலிருந்து எடுத்து, டிராக் ஓடும் திசையிலேயே இழுங்கள். ஹீல் கருவி வேண்டாம், அது விளிம்பைக் குழைத்துவிடும்.

டிராக்கைக் குறுக்கே வெட்டிப் போகும் எழுத்து தொல்லை தராது. இரண்டு பக்கமும் தெரிவதால் சரியாகவே சேரும். தொல்லை, கோடு டிராக்குக்கு இணையாக ஓடும் இடத்தில். இரண்டு டிராக்குக்கு நடுவே உள்ள இடைவெளி மேலேயே பாகத்தின் கட்டம் போயிருந்தால், நிரப்பியபின் இரண்டும் ஒட்டி ஷார்ட் மாதிரித் தெரியும். மெல்லிய டிராக்கின் மேல் போயிருந்தால் டிராக்கே காணாமல் போகும். எந்த மென்பொருளாலும் இதைச் சரியாக ஊகிக்க முடியாது, அந்தத் தகவல் படத்திலேயே இல்லை. ஆகவே எழுத்துத் தேர்வைச் சிவப்பு நிறத்தில் தனி லேயராக வைத்துக்கொண்டு, அந்தச் சிவப்புக் கோடு டிராக்கோடு இணையாக ஓடும் இடங்களை மட்டும் மல்டிமீட்டரின் பீப்பில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து நிஜ போர்டில் சோதியுங்கள். அந்த லேயரை அழித்துவிடாதீர்கள், சர்க்யூட் வரையும்போது பாக எண்களுக்கு அதுதான் ஆதாரம். போர்டு வடிவமைக்கும் இலவச மென்பொருளான கீகேட்டில், 7-ஆம் பதிப்பு முதல் படத்தை பி.சி.பி. எடிட்டரிலேயே பின்னணியாக வைக்கலாம். அடிப்பக்கப் படத்தை மட்டும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப மறக்காதீர்கள்.

நீல மாஸ்க்குக்கும் சிவப்பு சேனல்தான். சிவப்பு மாஸ்க் என்றால் நீல சேனலை எடுங்கள். எல்.ஈ.டி. போர்டுகளில் வருவதுபோல வெள்ளை மாஸ்க்கில் கறுப்பு எழுத்து இருந்தால் டாப்ஹாட்டுக்குப் பதில் ஒல்லியான கறுப்பைப் பிடிக்கும் பிளாக்ஹாட். கறுப்பு மாஸ்க்கில் எழுத்தை நீக்குவது சுலபம், ஆனால் நீக்கினபிறகும் டிராக் தெரியாது. அப்படிப்பட்ட போர்டு பாழானாலும் பரவாயில்லை என்றால், இரண்டு பக்கமும் எண்களோடு ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டு, 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து மாஸ்க்கையும் எழுத்தையும் சேர்த்தே தேய்த்து எடுத்துவிடலாம். சாதாரண காப்பர் 35 மைக்ரான்தான், அதனால் செம்பு தெரிந்த உடனே அந்த இடத்தில் நிறுத்துங்கள். காய்ந்த நிலையில் தேய்க்கவே வேண்டாம், கண்ணாடி இழைத் தூசு மூச்சில் போகும்.